கூட்டேரிப்பட்டு அருகே அரை கிரவுண்டு

திண்டிவனம் தாண்டி விழுப்புரம் போகும் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தால், கூட்டேரிப்பட்டு வருவதற்குள் நாலைந்து ‘நகர்’களைப் பார்த்துவிடலாம். நகர் என்றால் வளைவு மட்டும்தான். சாமி பெயரோ பூவின் பெயரோ எழுதிய சிமெண்ட் வளைவு, அதன் பின்னால் செம்மண் ரோடு, ரோட்டின் இருபுறமும் வெள்ளையடித்த முட்டுக்கற்கள். வீடு ஒன்றோ இரண்டோ இருக்கும். பல இடங்களில் அதுவும் இருக்காது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே ஆடு மேயும். கொஞ்சம் மழை பெய்தால் யாராவது மல்லாட்டைகூட விதைத்துவிடுவார்கள். முன்பு அது மல்லாட்டைக் கொல்லைதான்.

என் சித்தப்பாவின் மனை அப்படியொரு நகரில் இருந்தது. 1,200 சதுர அடி, அதாவது அரை கிரவுண்டு; சென்ட் கணக்கில் இரண்டே முக்கால். சென்னையில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவர். 2006இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை தாம்பரத்தில் வேன் ஏற்றி, மனையைக் காட்டி, சாப்பாடு போட்டுத் திருப்பி அனுப்பினார்கள். மாதம் 1,500 ரூபாய், 60 தவணை. கட்டி முடித்ததும் 2011இல் கிரயம் செய்துகொடுத்தார்கள். மகள் கல்யாணத்துக்காக 2017இல் விற்கப் போனபோதுதான் கையில் இருப்பது என்ன என்று அவருக்குத் தெரிந்தது. வாங்க வந்தவருக்குப் பிடித்திருந்தது, விலையும் படிந்தது. ஆனால் அவர் கடன் கேட்ட வங்கி மனைப்பிரிவுக்கு அப்ரூவல் இல்லை என்று சொல்லிவிட்டது. கல்யாணம் வேறு கடனில் நடந்தது. வரன்முறைக் கட்டணம் கட்டி, காகிதம் வந்து, 2022இல் பக்கத்து மனைக்காரரிடமே 2,75,000 ரூபாய்க்கு விற்றார்.

‘மூணு மடங்கு’ என்று இன்றும் பெருமையாகச் சொல்வார். நான் ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். தவணை 90,000, பதிவுச் செலவும் வரன்முறைச் செலவும் சேர்த்து 27,000 என்றால் மொத்தம் 1,17,000. எந்தெந்த ஆண்டு எவ்வளவு போட்டார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 7 சதவீதம்தான் கிடைத்திருக்கிறது. அந்தக் காலத்தின் பெரும்பகுதியில் அஞ்சலகத்தின் பி.பி.எஃப். கணக்கு 8 சதவீதத்துக்குக் குறையாமல் வரியில்லாமல் கொடுத்தது. இதை அவரிடம் சொன்னேன். ‘அஞ்சலகத்துல போட்டிருந்தா அஞ்சாவது மாசமே நிறுத்தியிருப்பேன்டா, மனைன்னுதான் விடாம கட்டினேன்’ என்றார். அதில் உண்மை இருக்கிறது. சிறு சம்பளக்காரருக்கு மனை என்பது உடைக்க முடியாத உண்டியல். ஆனால் உண்டியலை முதலீடு என்று நினைத்து அதற்குள் கடன் வாங்கிப் போடுகிறவர்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

மனை வாங்கப் போகிறவரிடம் ‘விலை இறங்குமா’ என்று யாரும் பயம் காட்டுவதில்லை. இந்த வட்டாரத்தில் விலை இறங்கி யாரும் பெரிதாக அழிந்ததில்லை என்பதும் சரிதான். இங்கே ஆபத்து மூன்று இடத்தில் இருக்கிறது: மனைப்பிரிவுக்கு அனுமதி உண்டா, விற்பவருக்கு உரிமை உண்டா, நமக்குப் பணம் தேவைப்படுகிற நாளில் வாங்க ஆள் உண்டா. நிலம் விற்ற விவசாயிக்கு அன்றே பணம் கிடைத்துவிட்டது. பிரித்து விற்றவருக்கு மூன்று நான்கு ஆண்டில் கிடைத்துவிட்டது. மூன்று ஆபத்தும் கடைசியாக வாங்கியவர் மடியில் வந்து உட்காருகின்றன. சட்டம் கடந்த சில ஆண்டுகளில் முதல் ஆபத்தை ஓரளவு குறைத்திருக்கிறது. மற்ற இரண்டும் அப்படியே இருக்கின்றன.

திண்டிவனத்தில் ஏன் இவ்வளவு மனைகள் என்பதற்குப் பதில் வரைபடத்தில் இருக்கிறது. சென்னையிலிருந்து வரும் ஜி.எஸ்.டி. சாலை இங்கேதான் பிரிகிறது. ஒரு கிளை புதுச்சேரிக்கு, ஒன்று செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கு, ஒன்று விழுப்புரத்துக்கு. 2000களில் சாலை நான்கு வழியாக விரிந்தபோது சென்னையிலிருந்து இரண்டு மணி நேரம் என்று நோட்டீஸ் அடிக்க முடிந்தது. புரொமோட்டரின் கணக்கு எளிது. ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி. ரோடும் பொது இடமும் போனால் பாதிக்குச் சற்று மேல் மிஞ்சும். 1,200 சதுர அடி மனையாக வெட்டினால் சுமார் 20 தேறும். ஏக்கர் விலையில் வாங்கிச் சதுர அடி விலையில் விற்பதுதான் இந்தத் தொழில். நாம் சதுர அடி விலையில் வாங்கி, சதுர அடி விலையில்தான் விற்க வேண்டும். இரண்டும் ஒரே தொழில் அல்ல.

சித்தப்பாவின் பத்திரத்தோடு இணைத்திருந்த வரைபடத்தில் ஊராட்சித் தலைவரின் கையெழுத்தும் ரப்பர் ஸ்டாம்பும் இருந்தன. ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்று இந்தப் பக்கம் சொல்லிச் சொல்லி விற்றது அதைத்தான். நகர் ஊரமைப்பு இயக்ககத்தின், அதாவது டி.டி.சி.பி.யின் ஒப்புதல் இல்லாமல் ஊராட்சி மட்டும் மனைப்பிரிவுக்கு அனுமதி தர முடியாது என்பது அப்போதும் சட்டம்தான். சார்பதிவாளர் அலுவலகம் பதிவு செய்துகொண்டே இருந்ததால் அது யாருக்கும் உறைக்கவில்லை. 2016 செப்டம்பர் 9 அன்று, வழக்கறிஞர் யானை ராஜேந்திரன் தொடர்ந்த பொதுநல வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்தது. அடுத்த மாதம் 20ஆம் தேதி, அப்படிப்பட்ட பதிவை மறுக்கச் சொல்லும் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்தது. அன்று முதல் 2016 அக்டோபர் 20 என்பது மனைத் தொழிலில் ஒரு கோடு. அதற்கு முன்பே வீட்டுமனையாகப் பதிவானதை மறுபடி பதிவு செய்ய வழி இருந்தது. அதற்கு முன் ஒரு மனையாவது விற்ற பிரிவுகள் 2017 மே மாதம் வந்த வரன்முறை விதிகளின்படி விண்ணப்பிக்கலாம். ஒன்றுகூட விற்காத பிரிவு புதிதாக அனுமதி வாங்க வேண்டும். இன்று யாராவது ‘பழைய லே-அவுட், விலை குறைவு’ என்று அழைத்தால் முதலில் கேட்க வேண்டியது, அந்தத் தேதிக்கு முந்தைய பத்திரமும் வரன்முறை ஆணையும் இருக்கின்றனவா என்பதைத்தான். இரண்டும் இல்லாத மனையில் வீடு கட்ட வரைபட அனுமதி கிடைக்காது, வங்கிக் கடனும் கிடைக்காது.

2017இல் ரெரா என்ற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவாக இருந்தால் ஆணையத்தில் பதிவு செய்த பிறகுதான் விளம்பரமே செய்ய வேண்டும்; பதிவு எண் நோட்டீஸில் இருக்க வேண்டும். வாங்குபவர்களிடம் வசூலித்த பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் வைத்து அந்தத் திட்டத்துக்கே செலவிட வேண்டும். பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. சித்தப்பா காலத்தில் ஐந்து ஆண்டுகள் கட்டிய பணத்துக்கு அட்டையில் போட்ட முத்திரைதான் சாட்சி. அந்த வகையில் இது பெரிய மாற்றம். ஆனால் ரெரா எண் வாங்கியிருப்பதாலேயே மூலப் பத்திரம் சுத்தம் என்று ஆகிவிடாது. டி.டி.சி.பி. பார்ப்பது ரோடு எத்தனை அடி, பூங்காவுக்கு எவ்வளவு இடம் என்பதை. நிலம் யாருடையது என்ற சண்டையை அது தீர்த்து வைப்பதில்லை. பூங்காவுக்கென்று ஊராட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுத்த இடத்தையே பிறகு மனையாக விற்கிற கூத்தும் உண்டு. அதனால் ஒப்புதல் பெற்ற வரைபடத்தை நாமே கையில் வைத்துக்கொண்டு, நம் மனை எண் அதில் எங்கே இருக்கிறது என்று இடத்தில் நின்று பார்க்க வேண்டும்.

இனி உரிமை. இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் பெரும்பாலோர் ‘இ.சி. பார்த்தாச்சு’ என்ற ஒரு சொல்லோடு கடந்துவிடுகிறார்கள். வில்லங்கச் சான்றை இப்போது பதிவுத் துறையின் இணையதளத்தில் கட்டணமில்லாமல் பார்க்கலாம். ஒரு பதிவை எடுத்துப் படித்துப் பாருங்கள். ஆவண எண், ஆண்டு, எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர், ஆவணத்தின் தன்மை, கைமாற்றுத் தொகை, முந்தைய ஆவண எண், கீழே சர்வே எண்ணும் நாலு எல்லையும். முந்தைய ஆவண எண்ணைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போக வேண்டும். சங்கிலி எங்கே அறுகிறதோ அங்கேதான் கேள்வி இருக்கிறது. ஒருமுறை நண்பர் ஒருவருக்காக இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது 1990களில் ஒரு கிரயத்துக்கு முந்தைய ஆவணமே குறிப்பிடப்படவில்லை. ‘பூர்வீகப் பாத்தியம்’ என்று மட்டும் இருந்தது. பூர்வீகம் என்றால் தாத்தா சொத்து. தாத்தாவுக்கு எத்தனை பிள்ளைகள்?

அந்தக் கேள்விக்கு இ.சி. பதில் சொல்லாது. பதிவாகாத பாகப்பிரிவினை, பதிவாகாத உயில், நடந்துகொண்டிருக்கும் வழக்கு எதுவும் அதில் தெரிய வேண்டிய கட்டாயம் இல்லை. நண்பரை அழைத்துக்கொண்டு ஊருக்குப் போனோம். டீக்கடையில் பத்து நிமிடத்தில் விவரம் வந்துவிட்டது: அண்ணன் தம்பி இரண்டு பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள், கட்டிக்கொடுத்த அக்கா இரண்டு பேர் செஞ்சிப் பக்கம் இருந்தார்கள். தமிழ்நாட்டில் 1989இலேயே அப்போது மணமாகாமல் இருந்த மகள்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பங்குரிமை தந்துவிட்டார்கள். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தம் அதை எல்லா மகள்களுக்கும் விரித்தது. தந்தை உயிரோடு இருந்தாரா என்பது பொருட்டல்ல என்று 2020இல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20க்கு முன் முறையாக விற்ற சொத்துக்குப் பாதுகாப்பு உண்டு என்றாலும், தந்தை உயில் எழுதாமல் இறந்திருந்தால் அவருடைய பங்கில் மகள்களுக்கு 1956 முதலே பாத்தியம் இருக்கிறது. வாரிசுச் சான்றும் அக்கா தங்கை கையெழுத்தும் இல்லாத பூர்வீகச் சொத்தை வாங்குகிறவர் விழுப்புரம் கோர்ட்டில் ஒரு பாகப்பிரிவினை வழக்கையும் சேர்த்தே வாங்குகிறார். நண்பர் வாங்கவில்லை.

பட்டாவைக் காட்டிச் சிலர் தைரியம் சொல்வார்கள். பட்டா வருவாய்த் துறையின் பதிவு. 1979 முதல் 1987 வரை நடந்த யு.டி.ஆர். என்ற நில உடைமைப் பதிவு மேம்பாட்டுப் பணியில் பெயர் மாறி ஏறியவை, பரப்பு கூடிக் குறைந்தவை இன்னும் தீராமல் கிடக்கின்றன. பத்திரப் பதிவும் உரிமைக்குச் சான்று அல்ல. 2025 ஏப்ரலில் கே. கோபி வழக்கில் உச்ச நீதிமன்றம், விற்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று ஆராயும் வேலை பதிவுச் சட்டத்தில் சார்பதிவாளருக்கு இல்லை என்று தெளிவாகவே சொன்னது. அவர் பதிவு செய்துகொடுத்தார் என்பதால் நமக்கு நிலம் வந்துவிட்டது என்று பொருள் இல்லை; விற்றவரிடம் என்ன இருந்ததோ அதுதான் நமக்கு வந்திருக்கிறது. பவர் பத்திரத்தை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு உரிமையாளர் என்று நினைப்பவர்களுக்கு 2011இல் சுராஜ் லேம்ப் வழக்கில் இதைவிடக் கடுமையாகவே சொல்லியாகிவிட்டது.

இந்த வட்டாரத்தில் தனியாகச் சொல்ல வேண்டியது பஞ்சமி நிலம். செங்கல்பட்டு கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து, 1892இல் தாழ்த்தப்பட்ட மக்களுக்கு நிலம் ஒப்படைக்க ஆணை பிறந்தது. அந்த நிலத்தைப் பத்தாண்டுகளுக்கு விற்கக் கூடாது, பிறகும் அந்தச் சமூகத்தாருக்கே விற்க வேண்டும் என்பது நிபந்தனை. கிராமக் கணக்கில் ‘டி.சி.’ என்ற இரண்டெழுத்தாக அது இருக்கும். கை மாறிக் கை மாறி லே-அவுட்டாக வந்து நிற்கிறபோது அந்த இரண்டெழுத்தை யாரும் காட்டுவதில்லை. 1994இல் செங்கல்பட்டு அருகே காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கும் போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. இது சட்டச் சிக்கல் மட்டுமில்லை. யாரிடமிருந்தோ பறித்ததை நாம் தெரியாமல் வாங்குகிறோம் என்ற சங்கதி. கிராமக் கணக்கான ‘அ’ பதிவேட்டில் ஒரு பார்வை போதும். கோயில் நிலம், மேய்க்கால் புறம்போக்கு, ஏரி உள்வாய் எல்லாம் அந்த ஒரே பதிவேட்டில் தெரிந்துவிடும். வானூர், மரக்காணம் பக்கம் போகிறவர்கள், 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவேலி எங்கே முடிகிறது என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சரி, காகிதமெல்லாம் சுத்தம். விலை? இங்கே மனைக்கு விலை வைப்பது மண் அல்ல, வரப்போகிறது என்று சொல்லப்படும் ஏதோ ஒன்று. திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கு ரயில் பாதை வருகிறது என்று சொல்லி 2000களின் நடுவிலிருந்தே மனை விற்கிறார்கள். அன்று மனை வாங்கியவரின் மகன் படித்து முடித்து வேலைக்கும் போய்விட்டான், ரயில் வரவில்லை. சிப்காட், நான்குவழிச் சாலை, மருத்துவக் கல்லூரி எனச் சில வந்தும் இருக்கின்றன. வந்தபோது விலை ஏறியதா என்றால் ஏறியது, ஆனால் அந்த ஏற்றத்தில் பாதியை அறிவிப்பு நாளிலேயே விற்றவர் வாங்கிக்கொண்டார் என்பது என் கணிப்பு.

இன்று 6 லட்சத்துக்கு ஒரு மனை வாங்கினால் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என 9 சதவீதம் அன்றே போய்விடும். கல் ஊன்றுவது, பட்டா மாற்றம், வக்கீல் எல்லாம் சேர்த்து அடக்கம் 6,60,000 என்று வையுங்கள். பத்து ஆண்டில் விலை இரட்டித்து 12 லட்சமாகிறது. புரோக்கருக்கு 2 சதவீதம் போகிறது. கையில் நிற்பது ஆண்டுக்கு 6 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. 2024 ஜூலையில் மாறிய விதிப்படி நீண்ட கால மூலதன ஆதாயத்துக்கு 12.5 சதவீதம் வரி. அதுவும் போனால் ஐந்தரைக்குக் கீழே. ‘டபுள் ஆயிடும் சார்’ என்ற வாக்கியத்தின் எடை இவ்வளவுதான். இதையே 9, 10 சதவீத வட்டிக்குக் கடன் வாங்கிச் செய்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. காலி மனை வாடகையும் தராது. குடியிருப்பு நெருங்கிவந்த இடத்தில், கட்டிய சின்ன வீடோ கடையோ மாதம் எதையாவது கொடுக்கும்; விழுப்புரம் பேருந்து நிலையத்தைச் சுற்றியோ முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரிப் பக்கமோ கூடுதல் விலை கேட்கிறார்கள் என்றால் அதில் காரணம் இருக்கிறது.

செலவைக் குறைக்கப் பத்திரத்தில் வழிகாட்டி மதிப்பை மட்டும் காட்டி மீதியை ரொக்கமாகக் கொடுக்கும் வழக்கம் பற்றியும் ஒரு வார்த்தை. நிலம் வாங்க விற்க 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கம் வாங்குவது வருமான வரிச் சட்டப்படி தவறு, தொகை அளவுக்கே அபராதம். அது ஒருபுறம் இருக்கட்டும். விக்கிரவாண்டியிலிருந்து தஞ்சாவூருக்கும் விழுப்புரத்திலிருந்து நாகப்பட்டினத்துக்கும் சாலை போட நிலம் எடுத்த மாவட்டம் இது. இழப்பீட்டைக் கணக்கிடப் பார்ப்பது வழிகாட்டி மதிப்பையும் சுற்றுவட்டாரத்தில் பதிவான பத்திரங்களின் விலையையும்தான். எல்லோரும் சேர்ந்து குறைத்து எழுதிய விலை எல்லோர் தலையிலும் வந்து விழும்.

நேரில் மண்ணைப் பார்க்காமல் பங்குபோலப் போடுகிற திட்டங்களில் தமிழர்கள் பட்ட சூடு பழையது. தேக்கு வளர்த்துத் தருகிறோம் என்ற அனுபவ் பிளான்டேஷன்ஸ் 1998இல் கவிழ்ந்தது. விவசாய நிலம் தருவதாக நாடெங்கும் 49,000 கோடி ரூபாய்க்கு மேல் திரட்டிய பி.ஏ.சி.எல். நிறுவனத்தைப் பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி செபி 2014இல் ஆணையிட்டது. நீதிபதி லோதா குழு வழியாக அந்தப் பணம் சிறுகச் சிறுகத்தான் வந்தது. நில மதிப்பில் சிறு தொகை போட விரும்புகிறவர்களுக்கு இன்று பங்குச் சந்தையில் பட்டியலான ரீட் எனப்படும் ரியல் எஸ்டேட் முதலீட்டு அறக்கட்டளைகளின் அலகுகள் உண்டு. நாட்டில் முதலாவது 2019இல் பட்டியலானது. அதில் ஆட்டுக்குட்டி மேயாது, சொந்த ஊரில் சொல்லிக்கொள்ளவும் முடியாது. ஆனால் வேண்டிய நாளில் விற்கலாம்.

ஆகவே தொடங்குகிறவர் கடைசியிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் கட்சி. இந்த மனையை என்னிடமிருந்து யார் வாங்குவார்? சென்னையிலிருந்து வேனில் வரும் இன்னொரு முதலீட்டாளர்தான் என்றால் புது மனைப்பிரிவுகள் இருக்கும்வரை அவர் நம் பழைய மனைக்கு வர மாட்டார். அவருக்குச் சாப்பாடு போட நம்மிடம் ஆள் இல்லை. அந்த ஊரிலேயே வீடு கட்டப்போகிற ஆசிரியரோ நடத்துநரோ கடைக்காரரோ வாங்குவார் என்றால் அது வேறு மனை: பேருந்து நிற்கிற இடத்திலிருந்து நடக்கிற தூரம், தெருவில் ஏற்கெனவே விளக்கு எரிகிறது, குழாயில் தண்ணீர் வருகிறது. விலை ஒன்றரை மடங்கு இருக்கும். கொடுக்கலாம். மனையில் போடும் பணம் பத்து ஆண்டுக்குத் திரும்பி வராவிட்டாலும் வீட்டில் அடுப்பு எரியும் என்கிற நிலையில் மட்டும்.

வாங்கிய பிறகு ஆண்டுக்கு இரண்டு முறையாவது போய்வர வேண்டும். பிறர் பகிரங்கமாக 12 ஆண்டுகள் அனுபவித்துவிட்டால் அனுபவப் பாத்தியம் கேட்கலாம் என்கிறது காலவரம்புச் சட்டம். சித்தப்பாவின் மனையில் நான்கு கல்லில் இரண்டு காணாமல் போயிருந்தன; சர்வேயரை வைத்து அளந்தபோது பக்கத்து மனையின் வேலி ஒன்றரை அடி உள்ளே இருந்தது. அந்த மனைக்காரரையே வாங்கச் சொல்லி முடித்ததால் சண்டை வராமல் போயிற்று.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய ஒன்றை எந்த வக்கீலும் சொல்வதில்லை. மனை காட்டும் வேன்கள் கோடையில்தான் அதிகம் ஓடும். பங்குனியில் எல்லா நிலமும் மேட்டு நிலம்தான். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியபோது மயிலத்தில் ஒரே நாளில் அரை மீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. தென்பெண்ணை வெள்ளத்தில் அரசூரில் திருச்சி நெடுஞ்சாலை துண்டானது; விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே பாலத்தைத் தொட்டு வெள்ளம் ஓடியதால் ரயில்கள் நின்றன. ஏரிகளால் ஆன மாவட்டத்தில் தண்ணீர் தன் பழைய வழியில்தான் வரும். உங்களுக்குப் பிடித்த மனையை வாங்கும் அவசரம் இருந்தாலும் ஒரு கார்த்திகை வரை பொறுத்திருங்கள். நல்ல மழைக்கு மறுநாள் காலையில் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அந்த வளைவுக்குள் நடந்து போய்ப் பாருங்கள்.